‘இவர் யாருக்கு வேலை செய்கிறார்?’ என்று செய்தியாளர் கேட்டால்

வாசகர் கேள்வி:

கோவையில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் ஊடகத் தொடர்பு வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். நிறுவனர், ஒரு வழக்கறிஞர், அரசுக் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் என மூன்று பேரை ‘எங்கள் நிபுணர்கள்’ என்று சொல்லிக்கொள்கிறோம். 2025 நவம்பரில் மத்திய அரசின் தரவுப் பாதுகாப்பு விதிகள் வெளியான நான்காம் நாள், நிறுவனரிடம் கருத்து கேட்கலாம் என்று சுமார் 60 பத்திரிகையாளர்களுக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். இரண்டே பதில்கள் வந்தன. ஒருவர் ‘நன்றி’ என்றார். தில்லியில் அரசின் தொழில்நுட்பக் கொள்கை பற்றி எழுதும் இன்னொருவர், ‘இவர் யாருக்கு வேலை செய்கிறார்?’ என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். தன் பெயர் பேப்பரில் வர வேண்டும் என்று நிறுவனர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வழக்கறிஞரைப் பேச வைக்கலாம் என்றால், இரண்டு மருத்துவமனைகளுக்குத் தமிழில் ஒப்புதல் படிவம் தயாரிக்கும் வேலையில் அவருக்கு நேரமே இல்லை. பொறியாளருக்குப் பேச ஆசைதான், ஆனால் பென்ஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். நான் எங்கே தவறு செய்தேன்? போன் செய்து பேசலாமா?

ஒரு வாசகி, கோவை


அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். கடிதத்தோடு அந்த மெயிலையும் இணைத்திருந்தீர்கள், படித்தேன். அதற்கு வருவதற்கு முன்னால் அந்த இரண்டாவது பதிலைப் பேசிவிடுவோம். உங்களுக்கு வந்த இரண்டில் மதிப்புள்ளது அதுதான். ‘இவர் யாருக்கு வேலை செய்கிறார்?’ என்று கேட்டவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. தட்டிக்கழிக்க நினைப்பவர் பதிலே போட மாட்டார். இந்த ஆள் சொல்வதைத் தன் செய்தியில் வைக்கலாமா என்று ஒரு நிமிடமாவது யோசித்தவருக்குத்தான் அப்படி ஒரு கேள்வி வரும். கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். பரவாயில்லை, இப்போதும் எழுதலாம். என்ன எழுதுவது என்று கீழே சொல்கிறேன்.

அவர் ஏன் அதைக் கேட்டார்? அரசின் தொழில்நுட்பக் கொள்கையில் ஒரு வரி மாறினால் ஒருவருக்குத் தொழில் கூடும், இன்னொருவருக்குச் செலவு கூடும். ஒரு சட்டத்தின் வரைவுக்குக் கருத்து சொன்னவர், அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்க மென்பொருள் விற்பவர், அரசு டெண்டரில் பங்கெடுப்பவர், டிவி விவாதத்தில் ‘நிபுணர்’ என்று உட்காருபவர், இந்த நான்கு பேரும் பல நேரம் ஒரே ஆளாக இருப்பார். சினிமா விமர்சகரிடமோ சமையல் கலைஞரிடமோ இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. இந்தத் துறையில் உண்டு. செய்தியாளருக்கு அது தெரியும்.

நான் 15 ஆண்டுகள் செய்தியாளராக இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். ஒருமுறை, கைரேகை சரியாகப் பதியாததால் அரசு உதவி கிடைக்காமல் அலைந்த முதியவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனம் ‘சுயேச்சையான பயோமெட்ரிக் நிபுணர்’ என்று ஒருவரைப் பேச வைத்தது. கருவியில் குறையில்லை, அதை இயக்குபவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று அவர் தெளிவாக, பொறுமையாக விளக்கினார். அவர் பெயரோடு போட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு வாசகர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அந்த நிபுணர் ஆலோசகராக இருக்கும் நிறுவனம்தான் அந்தத் திட்டத்துக்கே கருவி கொடுத்திருந்தது. திருத்தம் போட்டோம். ஆசிரியர் முன்னால் நான் நின்ற நிலை இன்றும் நினைவில் இருக்கிறது. அதைவிட, என்னிடம் மனம்விட்டுப் பேசிய அந்தப் பெரியவர்களுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன் என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. பழியை அவர்கள் பக்கத்துக் கணினி ஆபரேட்டர் மேல் தள்ளிவிட்ட கட்டுரையாக அது ஆகிவிட்டது. அந்த பி.ஆர். நிறுவனத்தின் மெயிலை அதற்குப் பிறகு நான் திறந்ததே இல்லை.

அந்த நிபுணர் சொன்னதில் பொய் இருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியாது. யார் பக்கத்தில் இருந்து பேசுகிறார் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், அதைச் சேர்த்தே எழுதியிருப்பேன். அவர் கருத்து அப்போதும் செய்தியில் இருந்திருக்கும். சொந்த நலன் இருப்பது குற்றமில்லை. அதை மறைப்பதுதான் ஆளைக் கெடுக்கும். எனவே தில்லிச் செய்தியாளருக்கு நீங்கள் எழுத வேண்டியது நான்கே வரி: எங்கள் வருமானம் மருத்துவமனைகள், பள்ளிகளிடமிருந்து வருகிறது, சட்டம் கடுமையாக அமலானால் எங்களுக்கு வேலை கூடும், அரசிடம் எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது அல்லது இல்லை, தாமதமாகப் பதில் சொல்வதற்கு மன்னிக்கவும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். ‘நாட்டின் முன்னணி தரவுப் பாதுகாப்பு நிபுணர்களில் ஒருவரான எங்கள் நிறுவனர், புதிய விதிகள் குறித்துக் கருத்து தெரிவிக்கத் தயாராக இருக்கிறார்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். பிறகு அவர் வாங்கிய விருதுகள். பிறகு ‘இது வரவேற்கத்தக்க முன்னேற்றம், ஆனால் நடைமுறையில் சவால்கள் உள்ளன’ என்று ஒரு மேற்கோள். இந்த மேற்கோளில் விதிகளைப் பற்றி ஒரு தகவல்கூட இல்லை. விதிகளைப் படிக்காத ஒருவரும் இதைச் சொல்லிவிட முடியும். அந்த வாரத்தில் இதே மாதிரி மெயில் அந்தச் செய்தியாளருக்கு எத்தனை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்தியாளருக்கு ‘நிபுணர்’ என்ற ஆள் தேவைப்படுவதில்லை. தன்னால் போய்ப் பார்க்க முடியாத ஓர் இடத்தைக் கண்ணால் பார்த்தவர் தேவைப்படுகிறார். தபால் அலுவலகக் கணினியால் பிரிட்டனில் நடந்த அநியாயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைவதாகக் காட்டியது. அதை நம்பி 900க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். 2009இல் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் இதை முதலில் விரிவாக எழுதியபோது அதன் ஆதாரமாக நின்றவர்கள் ஏழு கிளை நடத்துநர்கள். தினமும் சாயங்காலம் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கணக்கு நேராகாமல் தவித்தவர்கள். கிளையில் இருப்பவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து யாரும் கணக்கைத் தொட முடியாது என்று தபால் நிறுவனம் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. 2015இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ரிச்சர்ட் ரோல் என்பவர் வந்து பேசினார். அந்த மென்பொருளைச் செய்த ஃபுஜிட்சு நிறுவனத்தில் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்தவர். வெளியிலிருந்து தொட முடியும், நாங்கள் தொட்டோம் என்றார். எத்தனை கணினிப் பேராசிரியர்கள் ‘கோட்பாட்டளவில் இது சாத்தியமே’ என்று சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. 2024இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

உங்கள் நிறுவனத்தில் அப்படிப்பட்ட ஆள் யார்? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறார். ‘தமிழில் ஒப்புதல் படிவம் தயாரிக்கும் வேலையில் நேரமே இல்லை’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த வழக்கறிஞர்தான். அந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். செய்தி அங்கேதான் இருக்கிறது.

இந்த விதிகளுக்கு அடிப்படையான, 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வாய்ப்பைக் குடிமகனுக்குத் தர வேண்டும் என்கிறது. ஏட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். மருத்துவமனைப் பதிவுக் கவுண்டரில் அது என்ன ஆகிறது? ‘தரவு’ என்ற சொல்லை வயிற்று வலியோடு வந்தவரிடம் எப்படிச் சொல்வது? ‘ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்’ என்று படித்தவர், அப்படியானால் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதமும் போய்விடுமா என்று கேட்டால் என்ன பதில்? மருத்துவமனையில் ‘சம்மதக் கையெழுத்து’ என்றாலே நம் ஊரில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு நடுவில் இன்னொரு காகிதத்தை நீட்டுகிறார் உங்கள் வழக்கறிஞர். அவர் பார்த்ததையும் கேட்டதையும் தில்லியில் உட்கார்ந்து விதிகளை அலசும் எவரும் சொல்ல முடியாது. தமிழ் நாளிதழ்ச் செய்தியாளருக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. அவருடைய வாசகர்தான் அந்தக் கவுண்டரில் நிற்பவர்.

அவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள், போதும். டீ குடிக்கும் நேரத்தில் கேட்டாலும் சரி. படிவத்தை எத்தனை முறை மாற்றினார், ஏன் மாற்றினார், எந்த வரியில் ஆட்கள் நின்று கேள்வி கேட்கிறார்கள், ஆங்கிலப் படிவத்தையே கேட்பவர் உண்டா, மருத்துவமனை நிர்வாகம் எதை எடுக்கச் சொன்னது. சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெயில் இப்படி அமையலாம்:

‘வணக்கம். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் அறிவிப்பு தமிழிலும் கிடைக்க வேண்டும். அப்படி ஒரு படிவத்தை எங்கள் வழக்கறிஞர் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் பதிவுக் கவுண்டரில் வைத்துப் பார்த்துவருகிறார். ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை பற்றிய வரியில்தான் நோயாளிகள் அதிகம் குழம்புகிறார்கள் என்கிறார், அதை மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார். நோயாளி விவரம் இல்லாத வெற்றுப் படிவங்களைக் காட்ட முடியும். மருத்துவமனைகளின் பெயரை அவர்கள் அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது, அனுமதி கேட்டிருக்கிறோம். அந்த மருத்துவமனைகளிடம் நாங்கள் கட்டணம் வாங்குகிறோம். சட்டம் கடுமையாக அமலானால் எங்களுக்குத் தொழில் கூடும். தரவுப் பாதுகாப்பு வாரியம் எப்படி இயங்கும் என்பதைப் பற்றியோ பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றியோ அவரால் பேச முடியாது. மாலை 5 மணிக்கு மேல் பேசுவார், தமிழிலும் ஆங்கிலத்திலும்.’

மூன்று விதமாக எழுதினார் என்பது என் ஊகம். உண்மையில் எதுவோ அதைப் போடுங்கள். வடிவத்துக்காகச் சொன்னேன். விருது இல்லை, ‘முன்னணி’ இல்லை, அதைக் கவனித்திருப்பீர்கள். அவரால் எதைப் பேச முடியாது என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். உங்கள் நிறுவனர் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார். எதைக் கேட்டாலும் பேசுகிற நிபுணரைவிட, இது எனக்குத் தெரியாது என்று எல்லை போடுகிறவரை மறுபடி கூப்பிடத் தோன்றும். நான் செய்தியாளராக இருந்த காலத்தில் என் போன்புத்தகத்தில் கடைசிவரை இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். ‘இதை என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்’ என்று வேறு ஆளின் நம்பர் கொடுத்தவர்கள்.

இன்னொன்று, மேற்கோளை நீங்களே எழுதி மெயிலில் வைக்காதீர்கள். ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கவே வேண்டாம். 2025இல் பிரிட்டனின் பிரஸ் கெஜட் இதழ், பல பத்திரிகைகளில் மேற்கோள் காட்டப்பட்ட ‘நிபுணர்கள்’ சிலர் உண்மையில் இருக்கிறார்களா என்பதே சந்தேகம் என்று தொடர்ந்து அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகு வழுவழுவென்று முழுசாக வந்து விழும் மேற்கோளைப் பார்த்தாலே செய்தியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் ஆள் போனில் பேசுவார், வீடியோவில் வருவார், பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்று சொல்லுங்கள். அது போதும்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் அனுப்பியதுதான் நீங்கள் செய்ததிலேயே கெட்ட நேரம். விதிகள் அரசிதழில் வந்த அன்று, அந்தத் துறையை (செய்தி அறையில் ‘பீட்’ என்பார்கள்) பார்க்கும் செய்தியாளர் பல பக்கங்களைப் படித்து ராத்திரிக்குள் செய்தி கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் அவருக்கு வேண்டியவர், குறிப்பிட்ட ஒரு பிரிவு என்ன சொல்கிறது என்று நிதானமாக விளக்குபவர். எடுத்துக்காட்டாக, தரவுக் கசிவு நடந்தால் புதிய விதிப்படி தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் விரிவான தகவல் தர வேண்டும். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவுப்படி அதே மாதிரி சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். இரண்டும் தனித்தனிக் கடமைகள். ஒரே ஒரு கணினி ஆள் இருக்கும் சிறிய மருத்துவமனையில் இரண்டையும் யார் செய்வது? இதை அன்றைக்கு மாலை நான்கு வரியில் அனுப்பியிருந்தால் எடுத்திருப்பார்கள். மறுநாளும் ‘சாதாரண மக்களுக்கு இதனால் என்ன’ என்ற கட்டுரைக்கு இடம் இருக்கும். நான்காம் நாள் அவர் வேறு செய்திக்குப் போயிருப்பார். அந்த பீட் பார்ப்பவர் தொலைத்தொடர்பு, செமிகண்டக்டர், ஏ.ஐ., சமூக ஊடக விதிகள் எல்லாவற்றையும் ஒருவராகவே பார்ப்பதும் உண்டு.

அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இந்தச் சட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. விதிகள் வெளியானபோது சொன்ன கணக்குப்படி, ஒப்புதல் மேலாளர்கள் (மக்கள் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் நடுவில் நின்று உதவுபவர்கள்) பற்றிய பகுதி ஓராண்டு கழித்து, 2026 நவம்பரில் நடைமுறைக்கு வர வேண்டும். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம். அந்தத் தேதிகளுக்கு ஒரு மாதம் முன்னால், எல்லோரும் எழுத ஆரம்பிப்பதற்கு முன், உங்கள் மெயில் போக வேண்டும். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் பதில் சொல்லும் நாள் குறித்திருப்பார்கள். தரவுப் பாதுகாப்பு பற்றி அரசு பதில் கொடுத்தால், அதே மாலை ‘பதிலில் உள்ள இந்த வரி எங்கள் அனுபவத்தோடு பொருந்தவில்லை, ஏனென்றால்’ என்று எழுதலாம். இதற்கு நீங்களும் தினமும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். செய்தியாளர் படிப்பதைப் படிக்காமல் அவருக்கு உதவ முடியாது.

உங்கள் நிறுவனத்திடம் ஒரு காகிதம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2025 ஜனவரியில் விதிகளின் வரைவு வந்தபோது அரசு கருத்து கேட்டது. வந்த கருத்துகளை வெளியிடப் போவதில்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டது. எந்தத் தொழில்துறை அமைப்பு என்ன கேட்டது, இறுதி விதியில் எது யாருக்காக மாறியது என்பதைச் செய்தியாளர்கள் துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கருத்து அனுப்பியிருந்தால் அது உங்கள் சொந்தக் கடிதம், தாராளமாகக் கொடுக்கலாம். வரைவில் இப்படி இருந்தது, நாங்கள் இப்படிக் கேட்டோம், இறுதியில் இப்படி ஆனது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். இந்தத் துறையில் எழுதும் ஒருவருக்கு விருதுப் பட்டியலைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ள காகிதம் அது.

60 பேருக்கு அனுப்பாதீர்கள். 3 பேருக்கு அனுப்புங்கள். அந்த மூன்று பேரும் கடந்த ஆறு மாதத்தில் என்ன எழுதினார்கள் என்று படித்துவிட்டு அனுப்புங்கள். ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து எழுதுபவராக இருக்கலாம். அவருக்கு மருத்துவமனைப் படிவத்தைவிட, இந்தத் தரவுச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியதுதான் பெரிய விஷயம். முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அது போதும் என்று அரசு சொல்கிறது. இதில் உங்களிடம் ஆள் இல்லை. இல்லையென்றால் அவருக்கு அனுப்பாதீர்கள். அல்லது, தகவல் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு மனுதாரர் உங்களுக்குத் தெரியும் என்றால், அவர் சம்மதத்தோடு அறிமுகம் செய்து வையுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு அதில் எதுவும் கிடைக்காது. ஆனாலும் செய்யுங்கள். அந்த மனுதாரருக்கு அது முக்கியம்.

இந்தச் சட்டம் செய்தியாளர்களையும் நேரடியாகத் தொடுகிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2018இல், தரவுச் சட்டத்துக்காக மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவில் இதழியல் பணிக்கு விலக்கு இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023 சட்டத்தில் இல்லை. பத்திரிகை ஆசிரியர்களின் அமைப்பான எடிட்டர்ஸ் கில்டு கவலை தெரிவித்தது. ஆகவே நீங்கள் மெயில் அனுப்புகிறவர் இந்தச் சட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவர் இல்லை. ‘அப்பாடா, ஒருவழியாகச் சட்டம் வந்துவிட்டது’ என்று உற்சாகமாக எழுதும் மெயில் அவருக்கு எப்படிப் படும் என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

போன் செய்யலாமா என்று கேட்டீர்கள். முதல் தொடர்புக்கு மெயில்தான். ‘மெயில் பார்த்தீர்களா’ என்று கேட்க மட்டும் போன் செய்யாதீர்கள். அதிலும் மாலை 6 மணிக்கு மேல், செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்குக்கு அவர் செய்தி கொடுக்கும் நேரத்தில், கூடவே கூடாது. மூன்று நாள் கழித்து ஒரே ஒரு முறை, அதுவும் புதிதாக ஒரு தகவல் இருந்தால், அதே மெயிலில் தொடர்ந்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடுத்த நல்ல தகவலோடு மறுபடி போகலாம். ஒருமுறை அவரே உங்களை அழைத்துவிட்டால் அப்புறம் வாட்ஸ்அப் இயல்பாகவே வந்துவிடும். அவர் அழைக்கும்போது வழக்கறிஞர் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். இதை வழக்கறிஞரிடம் முன்பே பேசி வையுங்கள். ஆளைக் காட்டிவிட்டு, கேட்டபோது ‘மீட்டிங்கில் இருக்கிறார்’ என்று சொன்னால் அதோடு முடிந்தது.

பேட்டிக்குப் பிறகு, அச்சாவதற்கு முன் கட்டுரையை அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள். எந்த நல்ல செய்தியாளரும் அனுப்ப மாட்டார். தொழில்நுட்ப வரி எதையாவது சரிபார்க்க வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி வையுங்கள். பலர் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுவார்கள். எடுங்கள்.

இனி பொறியாளர். அவர் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர் அனுமதி இல்லாமல் ஊடகத்திடம் துறை விஷயம் பேச நடத்தை விதிகள் தடை போடுகின்றன. ஓய்வு பெற்றவர் அந்த விதிகளின் கீழ் வரமாட்டார். ஆனால் வேலையின்போது கையில் வந்த ரகசிய ஆவணங்களுக்கு 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்களுக்கு மத்திய ஓய்வூதிய விதிகளில் 2021இல் தனிக் கட்டுப்பாடும் வந்தது. அவர் எந்தத் துறையில், மத்திய அரசிலா மாநில அரசிலா, என்ன பொறுப்பில் இருந்தார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். உங்களிடம் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். அவரோ, அரசுப் பணி வழக்குகளைப் பார்க்கும் வேறொருவரோ அவருடைய பணி விவரங்களைப் பார்த்து எழுத்தில் ஒரு கருத்து சொன்ன பிறகே அடுத்த அடி.

அதற்குப் பிறகும், எந்த முறையில் பேசுகிறார் என்பதை முதல் கேள்விக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பெயரோடா, ‘மாநில அரசின் கணினிப் பிரிவில் இருந்தவர்’ என்ற அளவிலா, அல்லது செய்தியாளர் புரிந்துகொள்வதற்கு மட்டுமா, எதையும் மேற்கோள் காட்டாமலா? ஆஃப் த ரெக்கார்ட் என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொல்லி நிறுத்தாமல், என்ன அர்த்தம் என்று முழு வாக்கியமாகப் பேசி, மெசேஜில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு ‘இதைப் போட வேண்டாம்’ என்று கேட்டால் அதற்கு அவர் கட்டுப்பட வேண்டியதில்லை. பெயர் போடாமல் பேசுவது என்றால், நீங்களும் அந்த உரையாடலில் இருக்காதீர்கள். அது அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. உங்கள் நிறுவனத்துக்கு அதில் பெயர் கிடைக்காது, உண்மைதான். ஒரு மாவட்ட அலுவலகத்தில் சர்வர் நின்றுபோனால் யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உள்ளிருந்து பார்த்தவர் அவர். செய்தியாளருக்கு அந்த நடைமுறை புரிந்தாலே அவர் எழுதும் அடுத்த பத்துக் கட்டுரைகள் சரியாக வரும்.

கடைசியாக உங்கள் நிறுவனர். அவருக்குத் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பு, அவர் உழைத்துக் கட்டிய நிறுவனம் அது. அவரிடம் மறுத்துப் பேச வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சார், இந்த விதிகளில் நீங்கள் நேரில் பார்த்து, வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்லுங்கள்.’ மருத்துவமனை நிர்வாகங்கள் இதற்கு எவ்வளவு செலவழிக்கத் தயாராக இருக்கின்றன, 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றதும் முதலில் என்ன கேட்டார்கள், எந்தப் பள்ளி 18 வயதுக்குட்பட்ட மாணவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை எப்படிச் சரிபார்க்கப் போகிறது. இவையெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அப்படி ஒன்று அவரிடமிருந்து வந்தால், வாடிக்கையாளர் ரகசியம் வெளியே போகாத அளவில், அதற்கு ஒரு தனி மெயில் எழுதுங்கள். பள்ளி, கல்விச் செய்திகள் எழுதும் ஒருவருக்கு அது போகலாம். ஒன்றும் வரவில்லையென்றால் இந்த முறை வழக்கறிஞர் முன்னால் நிற்கட்டும். நிறுவனத்தின் பெயர் அவர் பெயருக்குப் பக்கத்தில் வரத்தான் போகிறது.

தில்லிக்காரருக்கு எழுத வேண்டிய அந்த நான்கு வரியை இன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். அதில் வழக்கறிஞரைப் பற்றி இப்போதே எதுவும் சேர்க்க வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போகட்டும். படிவத்தைப் பற்றிய மெயிலை, வழக்கறிஞரிடம் பேசி, மருத்துவமனைகளிடம் அனுமதி கேட்ட பிறகு, அடுத்த வாரம் தனியாக அனுப்பலாம்.

அன்புடன்.